வாஷிப் பாலத்துக்கு அந்தப் பக்கம்

பேராச்சி சுவரில் முதுகைச் சாய்த்து, வலது முழங்காலில் எலாஸ்டிக் பட்டையை மாட்டி இழுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"உக்காந்திருக்கியா, நின்னுட்டிருக்கியா?" கோச் நஜ்முன்னிசாவின் குரல்.

"உக்காந்துருக்கேன் தீதி."

"அப்படியே இரு. கிரவுண்டு போச்சு."

"போச்சுன்னா?"

"ராத்திரி அடியில பைப் வெடிச்சு பாதி மைதானம் குளம். எருமைய இறக்கி விடலாம், பந்து உருட்ட முடியாது. மேட்ச்ச மாத்திட்டாங்க. அதே நாலு மணிதான். ஆனா நெருல்ல."

பேராச்சி பட்டையை விட்டாள். அது சுவரில் பட்டென்று அடித்துவிட்டு விழுந்தது.

"தீதி, நெருல் பாலத்துக்கு அந்தப் பக்கம்லா?"

"ஹான், அதுக்கென்ன? குதிச்சா வந்துடும். கிளப்புக்கு ஆள் எடுக்க வந்திருக்கிற அந்த போர்ச்சுகல்காரி தெரேசாவுக்கு இன்னிக்கு ராத்திரி ஃப்ளைட். அவ பாக்க வர்றது உன் ஒருத்தியத்தான். நான் செம்பூர் நாக்காவுல ஜெர்சி பேகோட நிப்பேன். க்யா ஹுவா, ஏன் சத்தத்தையே காணோம்?"

"காப்பு கட்டியிருக்கேன் தீதி."

நஜ்முன்னிசா தமிழர்கள் நிறைந்த சீத்தா கேம்ப்பில் பிறந்து வளர்ந்தவள். காப்பு என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"யா அல்லா," என்றாள் மெதுவாக. பிறகு கோச் ஆகிவிட்டாள். "யோசிச்சு சொல்லு. ஆனா சீக்கிரம் யோசி."

தாராவிச் சந்தில் பந்தை உதைக்க ஆரம்பித்த பேராச்சி கொல்கத்தாவில் பெயர் வாங்கி, குரோஷியாவில் ஒரு கடலோர ஊரின் கிளப்புக்கு இடது பக்கத் தடுப்பு ஆட்டக்காரியாகப் போனதையும், உறைந்து கிடந்த மைதானத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்து, சக்கர நாற்காலியில் மும்பை வந்து இறங்கியதையும் தாராவியே பார்த்தது. அந்தக் கிளப் கையைக் கழுவியது. செம்பூர் டாக்டர் ஆபரேஷன் செய்தார். அம்மா தங்கமயில் தன் பங்குக்கு அம்மனிடம் ஒரு பேச்சுவார்த்தை நடத்தினாள். கால் நேரானால் மகள் பால்குடம் எடுப்பாள்.

கால் நேரானது. டாக்டர் தன்னால்தான் என்றார். தங்கமயில் அதை மறுக்கவில்லை, சிரித்துக்கொண்டாள்.

போன செவ்வாய்க்கிழமை கோயிலில் பந்தக்கால் நாட்டி, பால்குடக்காரர்களுக்கும் தீச்சட்டிக்காரர்களுக்கும் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் கயிறு, நடுவில் ஒரு மஞ்சள் துண்டு. வருகிற செவ்வாய்க்கிழமை கொடை விழா. அதுவரை அதை அவிழ்க்கக் கூடாது, கட்டிய கையோடு எல்லையைத் தாண்டக் கூடாது.

திருநெல்வேலிப் பக்கத்து ஊர்களில் எல்லை என்றால் ஒரு கல் இருக்கும். தாராவியில் எந்தக் கல்லைக் காட்டுவது? கட்டிய ஆட்கள் காலையில் ஃபோர்ட்டுக்கும் அந்தேரிக்கும் வேலைக்குப் போயாக வேண்டும். அதனால் முந்தைய தலைமுறை கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தது. மும்பை மாநகராட்சி எங்கே முடிகிறதோ அதுதான் அம்மனுக்கும் எல்லை. வடக்கே தஹிசர், இந்தப் பக்கம் முலுண்டு செக் நாக்கா, கிழக்கே வாஷிப் பாலம். மற்றப் பக்கமெல்லாம் கடல், அதைப் பற்றிக் கவலையில்லை. அம்மன் இதுவரை ஆட்சேபம் சொன்னதாகத் தகவல் இல்லை.

ஆட்டம் தெற்கு மும்பையில் நடப்பதாக இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் பேராச்சி கையை நீட்டினாள்.

"யாரு போன்ல?" தங்கமயில் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

பேராச்சி சொன்னாள். தங்கமயிலின் கையிலிருந்த கரண்டி நின்றது. பிறகு அவள் செய்தது பேராச்சி எதிர்பாராதது. கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஃபுல் கை சட்டை போட்டுட்டுப் போ. அப்பாட்ட சொல்லாத. சாயங்காலம் தீவாராதனைக்கு வந்து நின்னுரு. எவனுக்குத் தெரியப்போவுது?"

"அம்மனுக்குத் தெரியும்லா?"

"அவட்ட நான் பேசிக்கிடுதேன். உங்கப்பாட்டத்தான் பேச முடியாது."

"எம்மா, ரெஃப்ரீ கையப் பாப்பாரு. கயிறு, வளையல், தோடு ஒண்ணும் கூடாது. மேல டேப் ஒட்டுனாலும் விட மாட்டாங்க. குரோஷியாவுல மூக்குத்திய கழட்டச் சொல்லி என்ன வெளிய நிப்பாட்டுனது ஞாவகம் இருக்கா?"

"அப்ப அவுக்கணுமா?" தங்கமயில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கண் மகளின் கையில் இல்லை, முழங்காலில் இருந்தது. "அம்மன் மேல பாரத்தப் போட்டுத்தானட்டி இந்தக் கால வாங்கியிருக்கு."

பேராச்சிக்கும் அந்த இடத்தில்தான் அடித்தது. நம்புகிறாளா இல்லையா என்று அவளிடம் கேட்டால் அவளால் சொல்ல முடியாது. அந்த அம்மனின் பெயரைத்தான் அவளுக்கு வைத்திருந்தார்கள்.

ஆனால் வயது இருபத்தெட்டு. ஆபரேஷன் செய்த கால். இந்த வயதில், இந்தக் காலோடு, இன்னொரு கிளப் கடல் தாண்டி வந்து பார்க்காது. இன்று ஆடாவிட்டால் இனி வெளிநாடு இல்லை. அது ஒன்றில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"நான் ஆடப் போறேன்," என்றாள். "ஆனா ஒளிச்சுப் போவ மாட்டேன். அப்பாட்ட சொல்லிட்டுப் போறேன்."

"அவரு விட மாட்டாரு."

"விடச் சொல்லிக் கேக்கப் போகல. சொல்லத்தான் போறேன்."

தங்கமயில் மகளையே பார்த்தாள். பிறகு எழுந்து போய், இரண்டு வாழைப்பழத்தையும் ஒரு டப்பா சோற்றையும் பைக்குள் திணித்தாள்.

"தயிரு ஊத்தல. ஓடுத அன்னிக்கு ஒனக்குச் சேராது," என்றாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மாட்டுங்கா மார்க்கெட்டில் அப்பா கணேசபாண்டியனின் வாழையிலைக்கடையில் சனிக்கிழமைக் கூட்டம். வலது மணிக்கட்டில் அவருக்கும் காப்பு. கோயில் கமிட்டித் தலைவர் கட்டாமல் இருக்க முடியுமா?

"கணேசா, கிழிஞ்சதெல்லாம் தலையில கட்டாதே. நுனி இலையாப் பாத்து வை," என்றாள் பட்டுப்புடவை மாமி ஒருத்தி.

"ஒங்களுக்குக் கிழிஞ்சத குடுப்பேனா மாமி? அடுத்த வாரம் சண்டைக்கு வந்துருவீங்க." வளைந்த கத்தியால் அவர் நடுத்தண்டைச் சீவிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "ஏட்டி, மேட்ச்சுக்குப் போகல?"

"போறேன்பா. அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். மேட்ச்ச நெருலுக்கு மாத்திட்டாங்க."

கத்தி நின்றது. மாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இலைக்கட்டை இடுக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

"போக வேண்டாம்," என்றார் கணேசபாண்டியன்.

"போறேன்பா."

"போன வருசம் தங்கபாண்டிக்கு நான் என்ன செஞ்சேன்னு தெரியும்லா?"

யாருக்குத்தான் தெரியாது? தங்கபாண்டி வாஷி மார்க்கெட்டிலிருந்து மாட்டுங்காவுக்குக் காய்கறி டெம்போ ஓட்டுகிறவர். கணேசபாண்டியனுக்குத் தம்பி முறை. காப்புக் கட்டியிருந்த வாரத்தில் இன்னொரு டிரைவரைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அந்த டிரைவர் வரவில்லை. தக்காளி லோடு வெயிலில் நின்றது. ஒரே ஒரு நடை, பாலத்தைத் தாண்டிவிட்டு வந்துவிட்டார். அதோடு நிற்காமல் சாயங்காலம் கோயிலில் தானே போய்ச் சொன்னார். கணேசபாண்டியன் அத்தனை பேர் முன்னிலையில் அவர் காப்பை அறுத்தார். தீச்சட்டி வேறொருவர் கைக்குப் போனது. அன்றிலிருந்து தங்கபாண்டி கோயில் படி மிதிக்கவில்லை. இருவரும் ஒரே மார்க்கெட்டில்தான் பிழைக்கிறார்கள், ஒரு வருடமாக ஒரு பேச்சு கிடையாது.

"தெரியும்பா. அதான் வந்தேன்."

பேராச்சி கையை நீட்டினாள். இலைக்கட்டின் மேல், கத்திக்குப் பக்கத்தில்.

"எனக்கும் அறுங்க. பெறவு தாண்டுதேன். அவருக்கு ஒரு ஞாயம், எனக்கு ஒரு ஞாயம்னு நாளைக்கு உங்கள எவனும் கேக்கக் கூடாது."

பக்கத்துப் பூக்கடைக்காரன் கட்டுவதை நிறுத்திவிட்டான்.

கணேசபாண்டியன் கத்தியை எடுத்தார். மகளின் மணிக்கட்டைப் பிடித்தார். நரம்புக்கு மேலே மஞ்சள் கயிறு. அவர் பார்வை அங்கிருந்து இறங்கி அவள் காலுக்குப் போனது. டிராக் பேன்ட்டுக்குள் ஆபரேஷன் தழும்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். முதல் இரண்டு மாதம் அந்தக் காலைத் தூக்கிப் பிடித்து மடக்கி நீட்டியது அவர் கைதான்.

கத்தியைக் கீழே வைத்தார்.

"என் கையால ஆவாது."

"அப்ப கட்டுனபடியே போறேன்பா."

அவர் அடுத்த இலையை எடுத்துச் சீவினார். கோணலாகச் சீவினார். அந்தக் கடையில் அப்படி ஓர் இலை அதுவரை சீவப்பட்டதில்லை.

ஸ்டேஷனை நோக்கி அவள் வேகமாக நடந்தபோது பின்னால் ஹாரன் சத்தம். காலி டெம்போ. உள்ளே தங்கபாண்டி.

"ஏறு தாயி."

பேராச்சி நின்றாள். "எல்லாம் கேட்டியளா சித்தப்பா?"

"உங்கப்பன் கடைக்குப் பின்னாலதான் உருளக்கெழங்கு இறக்கிட்டிருந்தேன். செவுடா எனக்கு? மத்தியான லோடு எடுக்க அந்தப் பக்கம்தான் போறேன். ஏறு."

"அப்பா மேல உள்ள கோவத்துல கூப்புடுதியளா?"

தங்கபாண்டி வெற்றிலைச் சாற்றை ஜன்னல் வழியே துப்பினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதனால்தானே போன வருடம் மாட்டிக்கொண்டார்.

"கோவம் இருக்கு. இல்லன்னு சொல்லுவனா? நீ பாலத்தத் தாண்டுதத என் கண்ணால பாக்கணும். பாத்துட்டு, இன்னிக்குச் சாயங்காலம் கோயிலுக்கு வந்து உங்கப்பன்ட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணும். ஒரு வருசமா வச்சிருக்கேன் அந்தக் கேள்விய. இதெல்லாம் தெரிஞ்சு ஏறுததுன்னா ஏறு. இல்ல, ரயிலு இருக்கு."

பேராச்சி கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"கேளுங்க சித்தப்பா. நானே உங்க கூட நிக்கேன்."

அவர் கொஞ்சம் திகைத்துப்போய்த்தான் கியரைப் போட்டார்.

செம்பூர் நாக்காவில் நஜ்முன்னிசா ஜெர்சிப் பையோடு நின்றாள். டெம்போவைப் பார்த்துவிட்டு, "டீம் பஸ் சூப்பர்," என்று ஏறி, பேராச்சியை நடுவில் தள்ளினாள். காப்பைப் பார்த்தாள்.

கோவண்டி போனது. மான்குர்த் சிக்னலில் வண்டி நின்றது. அதற்கு அப்புறம் பாலம்தான்.

"சித்தப்பா, சாக்கு அறுக்கிற கத்தி வச்சிருப்பியள்லா?"

"இருக்கு."

"இங்கயே அறுத்துட்டா? காப்பு இல்லாம தாண்டுனா குத்தம் இல்ல."

"குத்தம் இல்ல."

"அறுத்து விடுங்க."

"மாட்டேன்." தங்கபாண்டி சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு அறுத்த அன்னிக்கு மணிக்கட்டு லேசாப் போச்சு பாத்துக்க. வீட்டுக்கு நடந்து வாரேன், கை எனக்குச் சொந்தமில்லாத மாதிரி கிடக்கு. உங்கப்பன் மேல எவ்வளவு கோவம் இருந்தாலும் அத அவன் மகளுக்கு நான் குடுக்க மாட்டேன்."

கத்தி டாஷ்போர்டில்தான் கிடந்தது. பேராச்சி அதை எடுத்தாள். கயிற்றுக்கு அடியில் நுழைத்தாள். பச்சை விழுந்தது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன.

அவள் கத்தியை எடுத்த இடத்தில் வைத்தாள்.

"வேண்டாம். தண்டனைக்குத் தப்பிக்க அறுத்த மாதிரி ஆயிரும். ஆடுததுக்கு அறுக்கணும்னா அங்க போயி அறுத்துக்கிடுதேன். நீங்க ஓட்டுங்க."

டெம்போ பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் கழிமுகத்துத் தண்ணீர், வெயிலில் தகரம் போல. நட்டநடுவில் தங்கபாண்டி ஒரு முறை திரும்பி அவள் கையைப் பார்த்தார். பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார். ஆனால் முகத்தில் சந்தோஷம் எதுவும் தெரியவில்லை.

நெருலில் வரிசையில் நிற்க வைத்துப் பார்த்தார் நடுவர். பூட்ஸ் அடி, காது, கை.

"யே க்யா ஹை? உதாரோ." கழற்றச் சொல்லிக் காப்பைக் காட்டினார்.

பேராச்சி வரிசையை விட்டு விலகி, மருந்துப் பெட்டியிலிருந்த கத்திரிக்கோலை எடுத்தாள்.

"நான் வெட்டட்டுமா?" என்றாள் நஜ்முன்னிசா. "எங்க பக்கத்துல யாரும் கோச்சுக்க மாட்டாங்க."

"இல்ல தீதி."

அவளே வெட்டினாள். இரண்டு முறை வழுக்கி, மூன்றாவது முறை அறுந்தது. கயிறு விழுவதற்குள் நஜ்முன்னிசா இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். தரையில் படக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. துவைத்த டவல் ஒன்றின் மடிப்புக்குள் வைத்து, தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

தெரேசா மறுபக்கத்து நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நரைத்த குட்டை முடி, மடியில் டேப்லெட். அவள் என்ன பார்க்க வந்திருக்கிறாள் என்று பேராச்சிக்குத் தெரியும். ஜவ்வு கிழிந்து திரும்பி வருகிறவர்கள் எல்லோரும் ஓடுவார்கள், உதைப்பார்கள். திடீரென்று திரும்ப வேண்டி வரும்போதுதான் குட்டு வெளிப்படும். அடிபட்ட காலை ஊன்றித் திரும்பப் பயந்து, ஓர் அடி அதிகமாக எடுத்து வைப்பார்கள். அந்த ஓர் அடியில் எதிராளி போய்விடுவாள்.

எதிர் அணியின் ஓட்டக்காரி பாண்டுப்பிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பெண். கால்களில் ஸ்பிரிங் வைத்தது போல ஓடினாள். வெளியே போவது போலக் காட்டி, சட்டென்று உள்ளே வெட்டித் திரும்பினாள்.

பேராச்சி ஓர் அடி அதிகம் எடுத்தாள். அந்தப் பெண் போய்விட்டாள். கோல்கீப்பர் காப்பாற்றினாள்.

மறுபடி வெட்டினாள். மறுபடி ஓர் அடி அதிகம். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "ஆன்ட்டி, தக் கயீ க்யா?" என்று களைத்துவிட்டாளா எனக் கேட்டுச் சீண்டினாள்.

இடைவேளையில் நஜ்முன்னிசா தண்ணீர் பாட்டிலை அவள் மடியில் போட்டாள்.

"தெரியுதா, நீ என்ன பண்றேன்னு?"

"தெரியுது தீதி. கை லேசாருக்கு. மனசு அங்கயே போவுது."

"கை விளையாடாது. கால்தான் விளையாடும். அந்தக் கால் நல்லாருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார், உங்கம்மா சொல்லிட்டாங்க, உன் சாமியும் சொல்லியாச்சு. இன்னும் யார் சொல்லணும்? நீ சொல்லணும். இல்லன்னா சொல்லு, வேற பொண்ண இறக்கறேன்."

"இறக்காதீங்க," என்றாள் பேராச்சி.

எழுந்து நின்று வலது காலை மட்டும் தரையில் ஊன்றினாள். முழு எடையையும் அதில் ஏற்றி, நின்ற இடத்திலேயே சுழன்றாள். ஒரு முறை. இன்னொரு முறை. உள்ளே எதுவும் சத்தம் போடவில்லை. பிறகு மைதானத்துக்குள் ஓடினாள்.

பாண்டுப்புப் பெண் வந்தாள். வெளியே காட்டினாள், உள்ளே வெட்டினாள்.

பேராச்சி வலது காலை ஆணி அடித்தது போல ஊன்றித் திரும்பினாள். பந்து அவள் காலில் இருந்தது. அந்தப் பெண் வெறுங்காற்றை உதைத்துவிட்டு ஓடி, நின்று, திரும்பிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி இங்க இருக்கேன் பேட்டா," என்று சொல்லிவிட்டுப் பந்தை நீளமாக அடித்தாள் பேராச்சி.

அதன் பிறகு அந்தப் பக்கம் யாரும் தாண்டவில்லை. அவள் அடித்த பந்து ஒன்று தலைக்குத் தலை மாறி, ஒரு கோலாகவும் ஆனது.

ஆட்டம் முடியும் தறுவாயில் பந்து கோட்டைத் தாண்டிப் போனது. கையால் எறிய பேராச்சி பந்தை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் வந்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம், இலைக்கறை படிந்த சட்டையோடு கணேசபாண்டியன் நின்றுகொண்டிருந்தார். வலையைப் பிடித்திருந்த வலது கையில் மஞ்சள் காப்பு.

கட்டியபடியே பாலத்தைத் தாண்டி வந்திருக்கிறார். கமிட்டித் தலைவர்.

"எப்பா, உங்க கையி..."

"பந்தப் பாரு," என்றார் அவர்.

அவள் பந்தைப் பார்த்தாள். எறிந்தாள். விசில் அடிக்கும் வரை மீண்டும் வேலிப் பக்கம் திரும்பவில்லை.

தெரேசா நேராக அவளிடம் வந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"முதல் பாதி முடிந்ததும் வேண்டாம் என்று எழுதிவிட்டேன். இரண்டாம் பாதியில் வேறு ஒருத்தி ஆடினாள். எனக்கு அவள்தான் வேண்டும். ஒப்பந்தம் திங்கட்கிழமை வந்துவிடும். செவ்வாய்க்கிழமை புறப்பட முடியுமா? புதன்கிழமை எங்களுக்குப் பயிற்சி ஆரம்பம்."

நஜ்முன்னிசா பேராச்சியின் முதுகில் கிள்ளினாள், ஆமாம் என்று சொல் என்பதுபோல.

"செவ்வாய்க்கிழமை எனக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது," என்றாள் பேராச்சி. "புதன்கிழமை புறப்படுகிறேன். ஒரு நாள் தாமதத்தை ஒரே வாரத்தில் ஓடிச் சரிக்கட்டுவேன்."

தெரேசா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "குடும்ப வேலையா?"

"ஆமாம்."

"புதன்," என்று சொல்லிக் கையைக் குலுக்கிவிட்டுப் போனாள்.

பேராச்சி பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கேட்டை நோக்கி ஓடினாள். அப்பாவும் சித்தப்பாவும் முட்டிக்கொள்வார்கள் என்று அவள் பயந்தது சரியாகத்தான் இருந்தது. டெம்போவுக்குப் பக்கத்தில் இருவரும் எதிர் எதிரே நின்றார்கள். தங்கபாண்டி லோடு எடுக்கப் போகவே இல்லை. முழு ஆட்டத்தையும் பார்த்திருக்கிறார்.

கணேசபாண்டியன் கையை நீட்டிக்கொண்டிருந்தார். காலையில் அவள் நீட்டியது போலவே.

"அறு," என்றார்.

"யாரு உங்கள வரச் சொன்னா?" தங்கபாண்டியின் குரல் கரகரத்தது.

"யாரும் சொல்லல. காலையில எம்மக கைய நீட்டுனா. எனக்குக் கத்தி ஓடல. போன வருசம் உன் கையில மட்டும் ஓடிச்சு. அப்ப எங்கயோ என்ட்டதான் கோளாறு இருக்கு. இலைக்கடையில உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். அவள அறுக்க முடியாதவன் எவனையும் அறுத்திருக்கக் கூடாது. நானும் தாண்டிட்டேன். அறு."

தங்கபாண்டி கத்தியை எடுத்தார். விரித்தார். அண்ணன் முறைக்காரரின் மணிக்கட்டைப் பிடித்தார்.

பேராச்சி இடையில் போகவில்லை. போகத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

கத்தி கயிற்றின் மேல் நின்றது. பிறகு தங்கபாண்டி அதை மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இங்க வச்சு அறுக்க மாட்டேன். யாரு இருக்கா இங்க பாக்க? எனக்கு எங்க வச்சு அறுத்தியளோ, அங்க வச்சு. கோயில் வாசல்ல, அத்தன பேரும் கூடி நிக்கையில."

"சரி," என்றார் கணேசபாண்டியன். கையை மடக்கிக்கொள்ளக்கூட இல்லை.

"எப்பா, தலைவரு காப்ப அறுத்துட்டா கொடைய யாரு நடத்துவா?" என்றாள் பேராச்சி.

"அத ஊரு முடிவு பண்ணட்டும்."

அவர் டெம்போவின் கதவைத் திறந்து ஏறினார். ஒரு வருடமாக அந்த வண்டியைத் தொடாதவர். தங்கபாண்டி மறுபக்கம் ஏறினார். இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தார்கள்.

நஜ்முன்னிசா டவலைக் கொண்டுவந்து பேராச்சியின் கையில் கொடுத்துவிட்டு, தான் ரயிலில் வந்துவிடுவதாகச் சொல்லித் தோளைத் தட்டினாள்.

போன் அடித்தது. தங்கமயில். பின்னால் மேளச் சத்தம், ஆட்கள் பேசும் இரைச்சல்.

"ஏட்டி, ஆடுனியா? கால் எப்படி இருக்கு?"

"நல்லாருக்கும்மா. எடுத்துக்கிட்டாங்க."

அந்தப் பக்கம் ஒரு விசும்பல், உடனே அடங்கியது. "சரி, அதப் பெறவு பேசுவோம். உங்கப்பாவ எங்கயும் காணல. கடையும் பூட்டிக் கிடக்காம். தீவாராதனைக்குக் கூட்டம் கூடிட்டு. நீ பாலம் தாண்டுன விசயத்த பூக்கடைக்காரன் வந்து சொல்லிட்டான். வாசல்ல நின்னு சத்தம் போடுதாங்க. உங்கப்பா வந்து பதில் சொல்லணுமாம். நான் என்ன சொல்ல?"

பேராச்சி டெம்போவில் ஏறினாள். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் சித்தப்பா. கதவை இழுத்துச் சாத்தினார் கணேசபாண்டியன். வண்டி பாலத்தின் பக்கம் திரும்பியது.

"கூட்டத்தக் கலைய விட்ராதீங்கம்மா," என்றாள். "நாங்க மூணு பேரும் வாரோம். பதில் அப்பா சொல்ல மாட்டாரு. மொதல்ல தாண்டுனது நான், மொதல்ல நான்தான் பேசணும்."